கோளாறு டேங்கில், பழி கார்பரேட்டர் மீது

போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) சமதளமான சாலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அபர்தீன் பஜாரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் சீக்கிரமே ஒரு மேடு வந்துவிடும். பழைய அம்பாசடர் வைத்திருப்பவரின் மானம் போவதும் அங்கேதான். இறக்கத்தில் ராஜா மாதிரி வந்த வண்டி, பாதி மேட்டில் இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். பின்னால் வருகிற ஆட்டோ பொறுமை இழந்து ஹாரன் அடிக்கும். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான். "கார்பரேட்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்." சொல்வது சுலபம். செய்வது? அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையிலோ, கொல்கத்தா மல்லிக் பஜாரிலோ ஆள் சொல்லி வைக்க வேண்டும். கிடைத்தாலும் அசலா, போலியா என்ற சந்தேகம் தீராது. பிறகு கிட்டத்தட்ட 1,200 கி.மீ. கடல் பயணம். இத்தனையும் முடிந்து புது கார்பரேட்டர் மாட்டிய இரண்டாவது வாரம், அதே மேட்டில் அதே குலுக்கல். தீவில் தப்பான வைத்தியத்துக்குக் கட்டணம் அதிகம்.

அம்பாசடரின் பெட்ரோல் பாதை அப்படியொன்றும் சிக்கலானதல்ல. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அப்படியே அச்செடுத்துத் தயாரான வண்டி அது. பின்னால் டேங்க். அங்கிருந்து வண்டியின் அடிவயிற்றை ஒட்டி முன்னால் வரும் ஒரு குழாய். எஞ்சினின் பக்கவாட்டில், மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்று அழைக்கும் பெட்ரோல் பம்ப். கடைசியில் கார்பரேட்டர். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. சந்தேகப்பட நாலே பேர். அதில் கடைசி ஆளை முதலில் பிடித்து உள்ளே போடுவதுதான் தவறு.

மேட்டில் மட்டும் ஏன் நிற்கிறது? ஏறும்போது எஞ்சின் அதிகப் பெட்ரோல் கேட்கிறது. வண்டியின் மூக்கு மேலே தூக்குவதால் டேங்க் கீழே போய்விடுகிறது. பம்ப் இன்னும் உயரத்துக்கு இழுத்தாக வேண்டும். எஞ்சின் சூடும் அப்போதுதான் உச்சத்தில். பாதையில் பாதி அடைப்பு இருந்தாலும் சமதளத்தில் ஒப்பேற்றிவிடலாம். மேட்டில் வேஷம் கலைந்துவிடும். கார்பரேட்டரின் சின்னத் தொட்டியில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் எஞ்சின் படுத்துவிடும்.

பத்து நிமிஷ ஓய்வில் தெளிகிறதென்றால் மூன்று காரணங்களை முதலில் யோசிக்கலாம். ஒன்று, டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். பெட்ரோல் வெளியே போகப் போக உள்ளே காற்று நுழைய வழியில்லாமல் வெற்றிடம் உண்டாகி, பம்ப்பின் இழுப்புக்கு எதிராக இழுக்கும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று சத்தம் வருகிறதா? ஆசாமி இவர்தான். செலவு, ஒரு ஊசி. இரண்டு, சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப்பிலோ குழாயிலோ குமிழி கட்டியிருக்கலாம். ஈரத் துணியைப் பம்ப்பின் மேல் போட்டதும் வண்டி உயிர் பெற்றால், குழாய் சைலன்சர் பக்கம் நெருங்கி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று, டேங்கின் அடியில் கிடக்கும் குப்பை இழுகுழாயின் வாயில் போய் ஒட்டியிருக்கலாம். இழுப்பு நின்றதும் அது தானாக உதிர்ந்துவிடும். அதனால்தான் மறுபடி ஸ்டார்ட்.

அந்தமானில் இந்த மூன்றாவது ஆள் மேல்தான் ஒரு கண் அதிகம் வைக்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, இரண்டு பருவக்காற்று, சுற்றிலும் உப்புக் கடல். பாதி காலியான இரும்பு டேங்க் இங்கே சும்மா இருப்பதில்லை. இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அதிலிருக்கும் ஈரம் டேங்கின் சுவரில் முத்து முத்தாக வேர்க்கிறது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்குகிறது. அங்கே துரு பிடிக்கிறது. வாரம் ஒருமுறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கப்படும் வண்டிக்குத்தான் இந்த நோய் அதிகம். ஓடுகிற வண்டி தப்பித்துக்கொள்ளும்.

உறுதி செய்துகொள்ள ஒரு கண்ணாடி பாட்டில் போதும். எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், பக்கத்தில் பீடியோ அடுப்போ இல்லாத இடத்தில், கையெட்டும் தூரத்தில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை இது. காயிலுக்கு வரும் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டால் பிளக்கில் பொறி வராது. கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு, ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். பெட்ரோல் விட்டுவிட்டு, ஆனால் பலமாகப் பீச்சினால் பம்ப் நல்லபடியாக இருக்கிறது. அழுது வடிந்தால் கோளாறு பம்ப்பிலோ அதற்குப் பின்னாலோ. பிறகு பாட்டிலைக் கால் மணி நேரம் ஆடாமல் வைத்தால் உண்மை அடியில் தெரியும். கண்ணாடிக் குண்டு போல உருண்டு நிற்பது தண்ணீர். செம்மண் மாதிரி படிவது துரு.

பம்ப்பின் மேல் சந்தேகம் இருந்தால் எஞ்சின் ஆயிலின் டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்க்கலாம். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் அளவும் கூடியிருந்தால் டயாபிராம் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டினால் பேரிங்குகள் தேயும். செலவு எஞ்சின் வேலையில் போய் நிற்கும்.

துருப்பிடித்த டேங்கைக் கழற்றி, சுத்தம் செய்து, உலர்த்தி, உள்பூச்சு பூசலாம். ஓட்டை விழுந்திருந்தால் புது டேங்க் செய்துகொள்வதே புத்திசாலித்தனம். 'காலி டேங்க்தானே' என்று வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப் போவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. உள்ளே காற்றோடு கலந்து நிற்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

டேங்க், குழாய், பம்ப் மூன்றும் குற்றமற்றவை என்று தெரிந்த பிறகுதான் கார்பரேட்டரை விசாரிக்க வேண்டும். அப்போதும் மாற்றுவதற்கு அவசியம் வருவது அபூர்வம். ஃப்ளோட்டில் ஓட்டையா, நீடில் வால்வ் தேய்ந்திருக்கிறதா, ஜெட்டில் அடைப்பா என்று பார்த்தால் போதும். ஜெட்டைக் காற்றால் ஊத வேண்டும். கம்பி விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி, அன்று முதல் வண்டி பெட்ரோலைக் குடிக்க ஆரம்பிக்கும்.

இதுவரை சொன்னது பழைய கதை. புதுக் கதை எத்தனால். மத்திய அரசின் எத்தனால் கலப்புத் திட்டம் 2019 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபோது, அந்தமான் நிக்கோபாருக்கும் லட்சத்தீவுக்கும் மட்டும் விலக்கு தரப்பட்டது. பிறகு வேகம் கூடியது. 2022இல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2030க்கு என்று வைத்திருந்த அந்த இலக்கு 2025க்கு முன்னால் இழுக்கப்பட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது.

பழைய வண்டிக்கு எத்தனாலிடம் என்ன பகை? மூன்று விஷயங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் பெட்ரோலை விட்டுவிட்டு அந்தத் தண்ணீரோடு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்தது, பழைய ரப்பர் குழாய்களையும் டயாபிராமையும் ஊறவைத்து இளக்கும். மூன்றாவது, எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை இளைத்துவிடும். இன்றைய வண்டிகளில் சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். கார்பரேட்டருக்கு அந்தக் கண் இல்லை. ஜெட்டையோ கலவையையோ மனிதன்தான் கூட்டிவைக்க வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருப்பது பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான். ஆகவே 20 சதவீதக் கலப்பில் லிட்டருக்குச் சுமார் 7 சதவீதம் நஷ்டம்.

வேர்த்துக் கொட்டும் தீவில் இப்படியொரு பெட்ரோல் பழைய டேங்குக்குள் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. அன்று தரப்பட்ட விலக்கை நம்பி நிம்மதியாக இருக்கலாமா? கப்பலேறிச் சென்னைக்குப் போகும் அந்தமான் வண்டி, இறங்கியதும் குடிக்கப்போவது கலப்பு பெட்ரோலைத்தான். தீவிலேயே இருக்கும் வண்டிக்கும் அந்தச் சலுகை என்றும் தொடரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எனவே மேம்படுத்துவதென்றால் முதல் பணம் பளபளக்கும் பாகங்களுக்குப் போகக் கூடாது. எத்தனாலைத் தாங்கும் குழாய்கள், அதே தரத்தில் டயாபிராமும் வாஷர்களும், பம்ப்புக்கு முன்னால் எளிதில் மாற்றக்கூடிய ஒரு ஃபில்டர். இவ்வளவுதான் அவசியம். எலெக்ட்ரிக் பம்ப் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய கார்பரேட்டர் தாங்குவது சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தம் வரைதான். இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப் 40 பவுண்டுக்கும் மேலே தள்ளும். கையில் கிடைத்தது என்று அதை மாட்டினால் நீடில் வால்வ் தோற்று, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் வழியும். மேட்டில் நின்ற வண்டியைத் தள்ளிவிட நாலு பேர் வருவார்கள். தீப்பிடித்த வண்டிக்கு அருகில் ஒருவரும் வரமாட்டார்கள். எலெக்ட்ரிக் பம்ப்பென்றால், எஞ்சின் நின்றதும் தானும் நின்றுவிடும்படி ஒரு ஸ்விட்ச் கட்டாயம்.

மற்றபடி, வண்டி ஓடாத நாளில் டேங்கை நிரப்பியே வைப்பது, மாதத்துக்கு ஒருமுறை சற்று நீளமாக ஓட்டுவது, மழைக்காலம் முடிந்ததும் பாட்டில் சோதனையைத் திரும்பச் செய்வது. இவற்றுக்குக் கப்பல் வர வேண்டியதில்லை. அப்பா ஓட்டிய வண்டியை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க நினைப்பவர், ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் ஒரு காலி பாட்டிலைக் கழுவிக் காயவைத்தால் போதும்.