மில்லுக்குள்ளே எந்தத் தெரு?

வேலையிடப் பண்பாடுன்னு மில்லுகளிலும் கம்பெனிகளிலும் ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. சுவரில் அட்டை மாட்டுகிறார்கள், ஒருநாள் வகுப்பு எடுக்கிறார்கள், ஒருவரை ஒருவர் மதிப்போம்னு உறுதிமொழி வாங்குகிறார்கள். பாளையம்பட்டியிலிருந்து இதைப் பார்க்கிற எனக்கு இது பழைய சங்கதியாகத்தான் படுகிறது. மதிப்பு என்பது நல்ல மனசு சம்பந்தப்பட்டதுன்னு சொல்லிச் சொல்லியே உரிமை என்கிற சொல்லை வெளியே தள்ளிவிடுகிற வேலை.

அருப்புக்கோட்டைப் பக்கம் தறி தெரிஞ்ச ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசியது நூலைப் பற்றியும்தான். பஞ்சாலைகளில் நம் ஆட்களுக்கு நெசவுப் பிரிவில் இடமில்லை. ஏன்? அறுந்த நூலை வாயில் வைத்து எச்சில் தொட்டு முடிய வேண்டும். தீண்டத்தகாதவன் எச்சில் பட்ட நூலைத் தொட மற்ற தொழிலாளி தயாரில்லை. கூலி கூடுதலான பிரிவு அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தடுத்தது முதலாளி மட்டுமல்ல, பக்கத்துத் தறிக்காரனும்தான். தொழிலாளிக்குப் பார்ப்பனியம், முதலாளியம் என இரண்டு எதிரிகள்னு அவர் அதே மேடையில் சொன்னது சும்மா இல்லை. வர்க்கம் என்று மட்டும் பேசுகிற தோழர்கள் முதல் எதிரியை விட்டுவிடுகிறார்கள். அது அவர்கள் வீட்டுக்குள்ளேயும் இருப்பதால் இருக்கலாம்.

இப்போது எச்சில் தொட வேண்டாம், மிஷின் வந்துவிட்டது. ஆனால் புதுசா வேலைக்கு வருகிற பிள்ளையிடம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "எந்த ஊரு, எந்தத் தெரு?" ஊருன்னா ஒரு மரியாதை, காலனின்னா ஒரு மரியாதை. அதே வயசுக்காரன் ஒருத்தன் 'அண்ணாச்சி' ஆகிறான், நம்மவன் 'ஏலே' ஆகிறான். வைய வேண்டியதில்லை, அடிக்க வேண்டியதில்லை. கூப்பிடுகிற விதமே போதும், யாருக்கு எந்த வேலை என்பது அதிலேயே முடிவாகிவிடும்.

பதவி வந்தால் மாறிவிடுமா? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சி மன்றத் தலைவரையே, தலித் பெண் என்பதால், கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணை ஆதிக்க சாதியார் எதிர்த்ததும், அதிகாரிகள் முதலில் செய்தது அந்தம்மாவை இடம் மாற்றியதுதான். போராட்டத்துக்குப் பிறகே உத்தரவு ரத்தானது. எதிர்த்தவனை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவரை இடம் மாற்றுவதுதான் இவர்களுடைய சுமுகமான வேலையிடம்!

சரி, வழி என்ன என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். திண்டுக்கல்லைப் பாருங்கள். 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானது அவருடைய மேற்பார்வையாளர். அனுதாபத் தீர்மானத்தோடு இதை முடித்திருப்பார்கள். முடிக்க விடாதது பெண்கள் தலைமையில், தலித் பெண்கள் பெருவாரியாக உள்ள தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் காமன் தொழிலாளர் சங்கம். 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். துணி வாங்குகிற எச் அண்ட் எம் கம்பெனியும் கையெழுத்திட வேண்டி வந்தது. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லி எழுதிய ஒப்பந்தம் அது. 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. மீறினால் ஆர்டர் பாதிக்கும். மனசு மாறட்டும்னு அவர்கள் காத்திருக்கவில்லை.

2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை பார்க்கிற இடத்திலே பாலியல் புகாருக்குக் குழு கட்டாயம். பல இடத்தில் அது காகிதக் குழுதான், தெரியும். ஆனாலும் கேட்க ஒரு பிடி இருக்கு. சாதிக்கு ஆலைக்குள் அப்படிக் கட்டாயக் குழு கிடையாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கு, நல்ல சட்டம். ஆனால் அதுக்குப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறணும். படி ஏறின மறுநாள் வேலை இருக்காது.

ஆகவே கேட் கூட்டங்களில் கூலியோடு இதையும் கேட்போம்: சாதிப் புகாருக்குக் குழு, பாதிப்பேர் தலித் தொழிலாளிகள், அதிலே பெண்கள். அதைக் கேட்கப் போகிறபோது நம் இயக்க அலுவலகத்தில் டீ போடுவது யார், தம்ளர் கழுவுவது யார், கூட்டம் முடிந்தபின் பாய் சுருட்டுவது எந்தத் தோழர் என்பதையும் ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பெண்ணாக இருக்கும், இல்லாவிட்டால் அருந்ததியத் தம்பியாக இருக்கும். அந்தக் கணக்கை அடுத்த செயற்குழுவில் வாசிக்க வேண்டும்.