விமானத்தில் நோன்பு: எந்தக் கடிகாரம்?

சென்னையிலிருந்து ஜித்தாவிற்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் சுமார் ஆறு மணி நேரம். ரமளானில் உம்ராவிற்குப் புறப்படும் குடும்பங்கள் இவ்விரண்டையும் அறிந்தே ஏறுகின்றன. நோன்பாளிக்கு இவை போதா.

மேற்கு நோக்கிய விமானம் சூரியனைப் பின்தொடர்ந்து செல்கிறது. சூரியன் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கே நகர்வதாக நமக்குத் தோன்றுகிறது. இவ்விரு நகரங்களுக்கும் இடையிலான 41 பாகை தீர்க்கரேகை வேறுபாட்டை விமானம் ஆறு மணி நேரத்தில் கடக்கிறது. அதாவது சூரியனின் வேகத்தில் ஏறக்குறைய பாதி. மார்ச் மாதத்தில் பிற்பகல் 3 மணிக்குப் புறப்படுபவரை எண்ணிப் பாருங்கள். சென்னையில் 6.20 அளவில் நோன்பு திறந்துவிடுவார்கள். அவருடைய சாளரத்திலோ அப்போதும் வெயில் அடிக்கும். அவருக்குச் சூரியன் மறைவது தரையிறங்கும் வேளையில், இந்திய நேரம் 9 மணி அளவில்தான்.

இங்கேதான் குழப்பம் எழுகிறது. ஊர் நேரப்படி திறந்துவிடலாம் என்பார் ஒருவர். கீழே உள்ள நகரத்தின் நேரத்தைப் பார்க்கலாம் என்பார் மற்றொருவர். இரண்டும் சரியல்ல. இரவு வரை நோன்பை முழுமையாக்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (2:187). இரவு என்பது நாம் இருக்கும் இடத்து இரவே. விமானம் பறக்கும் உயரத்தில் அடிவானம் தாழ்ந்து தெரிவதால், கீழே மறைந்த சூரியன் மேலே பத்து நிமிடங்களுக்கும் கூடுதலாகத் தெரியும். கண் காண்பதே கணக்கு.

அப்படியானால் முதியோரும் நீரிழிவு உள்ளோரும் இரண்டரை மணி நேரத்திற்கு மேல் கூடுதலாக வருந்த வேண்டுமா? பயணிக்குச் சலுகை உண்டு. வேறு நாட்களில் நோற்கலாம் (2:184). குளிரூட்டிய இருக்கையில் அமர்ந்து செல்வது என்ன பயணம் என்று அவர்களை வெட்கப்பட வைப்போரின் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. சலுகை பயணத்திற்கு உரியது. இருக்கையின் சுகத்தை வைத்து அது தீர்மானிக்கப்படுவதில்லை.

ஆனால் ஒரு நுட்பம் உண்டு. ஷாபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில், ஊரில் இருந்தபடி நோன்பைத் தொடங்கிவிட்டுப் பகலில் புறப்படுபவர், பயணத்தைக் காரணம் காட்டி அந்நோன்பை முறிக்க இயலாது. நோய் முற்றினால் அது வேறு. கீழக்கரையிலிருந்து முந்திய இரவே பேருந்தில் கிளம்பியவர் பஜ்ரின்போதே பயணி, சென்னைவாசி அப்படியல்லர். ஒரே விமானம், அடுத்தடுத்த இருக்கை, இருவேறு சட்டம்! ஆகவே மார்க்க அறிஞரிடம் கேட்க வேண்டியது பயணச்சீட்டு எடுக்கும்போது. விமானம் ஏறிய பிறகு அன்று. இயலுமாயின் இரவு விமானத்தையே தேர்ந்தெடுங்கள்.

திரும்பும் வழியில் நிலைமை தலைகீழ். கிழக்கு நோக்கி வருகையில் இரவு சுருங்கும். ஜித்தாவில் நள்ளிரவு 1 மணிக்குப் புறப்பட்டால், அந்நகரக் கணக்கில் 4 மணிக்கு முன்னரே வானில் பஜ்ர் நுழைந்துவிடும். உணவுத் தட்டு வரட்டும் என்று காத்திராமல், சஹர் உணவைக் கையோடு கொண்டு ஏறி, விமானம் மேலெழுந்ததுமே உண்டுவிடுங்கள்.