வரவு மட்டும் உள்ள பதிவேடு

2016-இல் என் தம்பிக்கு வாசிக்கிற கண்ணாடி வாங்கினோம். அப்போது அவனுக்கு 38 வயது. கடையில் பவர் பார்த்தவர், "இந்த வயசுக்குச் சீக்கிரம்தான், சிலருக்கு வரும்" என்றார். 1,400 ரூபாய் ஆனது. அதைப் போட்டும் பேப்பர் எழுத்து கலங்கலாகத்தான் தெரிகிறது என்று தம்பி சொன்னான். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதால் அவன் சொல்வதை வீட்டில் பாதிதான் காதில் வாங்குவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அவன் கண்ணில் குறையே இல்லை என்று தெரிய இன்னும் ஆறு வருடம் ஆனது.

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவம் படித்தவள் இல்லை. 22 வருடமாகத் தம்பிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். இதில் என் தகுதி அவ்வளவுதான்.

2003-இல் அவனுக்கு முதன்முதலாக நோய் கண்டபோது ஹாலோபெரிடால் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண் மேலே சொருகி நின்றது, நாக்கு உள்ளே இழுத்தது. "முனி அடிச்சிருச்சு" என்று சித்தி விபூதி எடுக்க ஓடினாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஒரே ஒரு ஊசி. அரை மணி நேரத்தில் கழுத்து நேராகி, தம்பி தண்ணீர் கேட்டான். முனியுமில்லை, வலிப்புமில்லை, முந்தின மருந்தின் விளைவு, அதற்கு மாற்று மருந்து உண்டு என்றார்கள். பக்கவிளைவுக்கு ஒரு மருந்தா என்று கேலி பேசுகிறவர்கள் அந்தச் சாயங்காலம் எங்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரையும் கூடச் சேர்ந்தது. ட்ரைஹெக்ஸிபெனிடில், 2 மில்லிகிராம், காலை ஒன்று, மதியம் ஒன்று. ஆஸ்பத்திரியில் அதை டி.எச்.பி. என்பார்கள். "விடாம குடுங்கம்மா, இல்லேன்னா மறுபடி கழுத்து திரும்பிக்கும்" என்றார் நர்ஸ். விடாமல் கொடுத்தேன். 19 வருடம்.

இடையில் ஹாலோபெரிடால் போய் ரிஸ்பெரிடோன் வந்தது. வெள்ளை மாத்திரை மட்டும் போகவில்லை. பிறகு மெடிக்கலில் 'ப்ளஸ்' என்று பெயர் முடிகிற அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். நோய்க்கான மருந்தும் வெள்ளை மருந்தும் ஒரே மாத்திரைக்குள். ஒன்று குறைந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒன்றைக் குறைத்து மற்றதை வைத்துக்கொள்ள இனி வழியில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

தம்பிக்கு எப்போதும் வாய் உலரும். தண்ணீர்ப் பாட்டில் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டான். வறட்சிக்கு மிட்டாய் சப்பிச் சப்பி இரண்டு கடைவாய்ப் பல் போனது. மலச்சிக்கலுக்கு முதலில் இசப்கோல், அப்புறம் சிரப். உளுந்து வாங்கிவரச் சொன்னால் கடை வாசலில் நின்று எதற்கு வந்தோம் என்று யோசித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவான். நோய் முற்றிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மறுத்துச் சொல்ல எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மூளையில் டோபமின் என்றொரு ரசாயனத்தின் வேலையை மனநோய் மருந்துகள் மட்டுப்படுத்துகின்றன. அதனால் அசெட்டில்கோலின் என்ற இன்னொன்றின் கை ஓங்கி, உடம்பு விறைக்கிறது, கை நடுங்குகிறது. வெள்ளை மாத்திரை அந்த இரண்டாவதைத் தட்டி அடக்குகிறது. ஆனால் எச்சில் ஊறவும், குடல் அசையவும், கிட்டப் பார்வை கூர்மையாகவும், நினைவு நிற்கவும் அதே அசெட்டில்கோலின்தான் வேண்டும். பல்லும் கண்ணாடியும் சிரப்பும் உளுந்தும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

இதைக் கண்டுபிடித்தது 2022-இல் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்த ஓர் இளம் மருத்துவர். தம்பியின் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். மாதாமாதம் 'ரிப்பீட்', ஒரு சீல். "இந்த டி.எச்.பி. எப்போ ஆரம்பிச்சது? இப்பவும் நடுக்கம் இருக்கா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடமும் மாத்திரைக்குள் இருக்கிறவனுக்கு நடுக்கம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அவனை நடக்கச் சொன்னார், பெயர் எழுதச் சொன்னார், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். ப்ளஸ் அட்டையை நிறுத்தி இரண்டையும் தனித்தனியாக எழுதினார். வெள்ளையை மட்டும் அரை அரையாகக் குறைக்கச் சொன்னார். ஒரேயடியாக நிறுத்தினால் குமட்டல், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும் என்று இரண்டு முறை எச்சரித்தார். முழுதாக நிற்க மூன்று மாதம் ஆனது.

ஒருநாள் காலை திண்ணையிலிருந்து கூப்பிட்டான். "யக்கா, எழுத்து தெரியுது." கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான்.

சிரப் நின்றது. மறதி கொஞ்சம் குறைந்தது, முழுதாக இல்லை. வலது கையில் லேசான நடுக்கம் திரும்ப வந்தது. டீ டம்ளர் பிடித்தால் சிந்துகிறது. அரை மாத்திரை திரும்பத் தரட்டுமா என்று மருத்துவர் கேட்டார், என்னை அல்ல, அவனை. "டீ சிந்துனா தொடச்சுக்கலாம் சார். பேப்பர் படிக்கணும்" என்றான். இத்தனை வருடத்தில் அவனிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. நான்கூட.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இந்த வகை மாத்திரையை நடுக்கம் வருமுன்னே எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுத்துவைப்பது சரியல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் கருத்தறிக்கை 1990-லேயே சொல்லியிருக்கிறது. நாள்பட்ட மருந்தால் வாயும் தாடையும் தானாக அசைகிற கோளாறை இது மோசமாக்கவும் கூடும். இருந்தும் ஓ.பி.யில் வரிசை நீளம், மருத்துவர் ஒருவர், ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. 'ரிப்பீட்' எழுதுகிற கையை நான் திட்டமாட்டேன். எழுத வைக்கிற நோட்டைத்தான் குறை சொல்கிறேன்.

எல்லாக் கூடுதல் மாத்திரையும் ஒரே சாதியும் இல்லை. லித்தியத்தால் தைராய்டு குறைந்தவருக்குத் தைராக்சின் தேவை, அது வருடக்கணக்கில் ஓடலாம். ஒலான்சபினில் எடை ஏறியவருக்கு மெட்ஃபார்மின் எழுதுகிறார்கள், அதிலும் அர்த்தம் இருக்கிறது. எது எதற்காக வந்தது என்பது நோயாளிக்குத் தெரிகிறதா என்பதே என் கேள்வி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 22-ஆம் பிரிவில், சிகிச்சையையும் அதன் தெரிந்த பக்கவிளைவுகளையும் நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. எங்கள் நோட்டில் தமிழில் இருந்தது தம்பியின் பெயர் மட்டும்.

சத்துணவு மையத்தில் ஒரு கிலோ பருப்புக்கும் வரவு, செலவு, இருப்பு எழுதியாக வேண்டும். முட்டை ஒன்று குறைந்தால் அதிகாரி என்னை நிற்கவைத்துக் கேட்பார். மனிதன் உடம்புக்குள் போகிற மாத்திரைக்கு வரவு மட்டும்தான் எழுதுகிறோம்.

சுகாதாரத் துறையிடம் கேட்பது சின்ன விஷயம். மனநல ஓ.பி. நோட்டில் ஒவ்வொரு மாத்திரைக்கு நேராகவும் தமிழில் இரண்டு கட்டம் அச்சடியுங்கள்: 'எதற்காக', 'மறுபடி பார்க்கும் தேதி'. வெள்ளை மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ யோசிக்கும்போது 'ப்ளஸ்' அட்டையைப் பிரித்துக் கொடுக்கும்படி மருந்தகத்தில் இரண்டையும் தனித்தனியாக இருப்பு வையுங்கள்.

வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அக்கா, அம்மா, மனைவிமாருக்கு: இதைப் படித்துவிட்டு நாளைக் காலை எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த ஓ.பி.க்கு நோட்டோடு இந்த இரண்டு கேள்வியையும் கொண்டுபோங்கள். கூட வருகிறவர் தனக்கு என்ன செய்கிறது என்று சொன்னால், குறுக்கே பேசாமல் இருங்கள்.