நூலும் பேரேடும்

தாராபுரத்துக்கும் திருப்பூருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பனியன் நிறுவனங்களின் பேருந்துகள் காலையில் சுற்றுவட்டச் சிற்றூர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு செல்கின்றன. அவற்றில் ஏறுவோருள் பள்ளிப்படிப்பை முடித்த கையோடு வேலைக்குச் செல்லும் இளையோரும் உளர். வணிகவியல் படித்தவருக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைப்பது அரிதன்று. 'மூன்று மாதம் டேலி பயின்றால் போதாதா? கல்லூரியில் மூன்றாண்டுகள் எதற்கு?' என்னும் கேள்வி இப்பகுதியின் பல வீடுகளில் எழுகிறது. குடும்பத்தின் நெருக்கடியை அறிந்தவர் எவரும் அக்கேள்வியை இகழமாட்டார். ஆயினும் அதற்கு விடை கூறியாக வேண்டும்.

ஒரு பனியன் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. நூலைத் துணியாக்குபவர் ஒருவர், சாயமிடுபவர் மற்றொருவர், வெட்டுதல், தைத்தல், அச்சிடுதல், தேய்த்து மடித்தல் எனப் பொருள் கைமாறிக்கொண்டே செல்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எடை சிறிது குறையும். 100 கிலோ நூல் கொடுத்து 92 கிலோ துணி திரும்பி வந்தது என்று கொள்வோம். நூலின் விலை கிலோ 300 ரூபாய். வழக்கமான சேதாரம் 5 கிலோ. கழிவுக்கு விலை ஏதும் கிடைக்கவில்லை. இங்கு 5 கிலோ இயல்பான இழப்பு. அதனை எஞ்சிய 95 கிலோவின் விலையில் ஏற்ற வேண்டும். அப்போது ஒரு கிலோவின் நூலடக்கம் ஏறத்தாழ 316 ரூபாய். மீதி 3 கிலோ இயல்பற்ற இழப்பு. அதன் மதிப்பாகிய ஏறத்தாழ 947 ரூபாய் இலாப நட்டக் கணக்குக்குச் செல்லும். இவ்வேறுபாட்டை அறியாதவர் 30,000 ரூபாயை 92 ஆல் வகுத்து 326 என்பார். விலை மிகுந்து, வந்த ஆர்டர் கைநழுவக்கூடும். சேதாரத்தையே மறந்தவர் 300 என்பார். ஆர்டர் கிடைக்கும், முதல் கரையும். மென்பொருள் இம்மூன்று எண்களையும் ஒரே பணிவுடன் ஏற்றுக்கொள்ளும். எது சரி என்று அறியும் அறிவையே அடக்கவிலைக் கணக்கியல் கற்பிக்கிறது.

சட்டமும் இவ்வாறே. 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வரவேண்டும். அல்லது அங்கிருந்தே விற்பனைக்குச் சென்றிருக்க வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே அது விற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். குறு, சிறு நிறுவனங்களுக்குச் சேரவேண்டிய தொகையை, ஒப்பந்தம் இருப்பினும் 45 நாள்களுக்கு மேல் நிறுத்திவைத்தல் கூடாது என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். பின்னர் வருமான வரிச் சட்டமும் இதனோடு இணைந்தது. காலம் கடந்த நிலுவையை, அது செலுத்தப்படும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க இயலும். தையல் கூலிக்காகக் காத்திருக்கும் சிறு பட்டறைக்கு இவ்விதி ஒரு பாதுகாப்பு. அதனை எடுத்துக்கூற அப்பட்டறையில் ஒருவர் வேண்டுமே!

ஏட்டில் ஏறாத செலவுகளும் உண்டு. சாயக்கழிவு நொய்யலிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் தேங்கி உழவர்தம் நிலத்தைக் கெடுத்த காலத்தில், அவ்விழப்பு அந்நீரை வெளியேற்றிய பட்டறைகளின் அடக்கவிலையில் சேரவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின், கழிவுநீரை முழுவதும் தூய்மைப்படுத்தும் செலவு தொழிலின் கணக்குக்குள் வந்தே தீரவேண்டியதாயிற்று. உழவர் தம் நிலத்தை இழந்து கொடுத்த விலையைத் தொழில்துறை காலம் தாழ்ந்தே கணக்கில் எழுதியது என்பதே உண்மை.

கணக்குக் காட்டும் கடமை தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது என விதித்தன. உறவினரையும் விலக்கியது இன்று மிகையாகத் தோன்றலாம்; அதன் பின்னுள்ள அச்சம் மிகையன்று. 2009இல் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிப்பட்டபோது, இல்லாத பணம் பல ஆண்டுகள் இருப்பாகக் காட்டப்பட்டதை நாடு அறிந்தது.

பட்டப்படிப்போடு நின்றுவிட வேண்டியதில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனத்தின் அடிப்படைத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் எழுதலாம். வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றவர் நேரடியாக இடைநிலைக்குச் செல்லலாம். இத்துறை பெண்களுக்கு உரியதன்று என்பாருக்கு ஆர். சிவபோகம் அவர்களின் வாழ்க்கையே விடை. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற இவர், 1933இல் கணக்கியல் பட்டயம் பெற்று, இந்தியாவின் முதல் பெண் கணக்கரானார். சிறை சென்றோர் தொழில் நடத்தத் தடை இருந்தது. நீதிமன்றம் சென்று வென்றார். 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்கர் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைமையும் ஏற்றார்.

தாராபுரத்து மாணவருக்கு இன்றுள்ள பெருந்தடை மொழி. பட்டயக் கணக்கர் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். இந்தியில் எழுதவும் இடமுண்டு. தமிழில் எழுத வழியில்லை. பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் என எல்லாவற்றையும் தமிழில் தெளிவாகக் கற்றவர், அச்சத்தாலேயே விண்ணப்பம் செய்யாமல் விலகுகின்றனர். இந்திக்கு உள்ள இடம் தமிழுக்கும் வேண்டும் எனக் கேட்பது நியாயமே. அது கைகூடும் வரை, கல்லூரிகள் முதலாண்டிலேயே இச்சொற்களை ஆங்கிலச் சொற்களோடு இணைத்துக் கற்பிக்கவும், திருப்பூர்த் தணிக்கை அலுவலகங்களில் மாணவர் சில வாரங்களேனும் அமர்ந்து மெய்யான பேரேடுகளைக் காணவும் ஏற்பாடு செய்யலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு ஏதும் இல்லை.