மூலிகைக்கும் சோதனை வேண்டும்

முகச்சுருக்கத்தைப் போக்குவதாகச் சொல்லும் மூலிகை க்ரீம் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் இலையும் பூவும். அதன் கீழே, சில வாரங்களில் இளமை திரும்பும், ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்று கொட்டை எழுத்து. அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. குறிக்கு விளக்கம் தேடிப் பெட்டியைத் திருப்பினால், பார்கோடுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில் இருக்கும்: 'பயன்படுத்தியவர்கள் தெரிவித்த கருத்தின் அடிப்படையில்.' எத்தனை பேர், என்ன வயது, எதோடு ஒப்பிட்டார்கள் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. வாங்கியவரிடம் 'எப்படி இருக்கு?' என்று கேட்டு எழுதிக்கொள்வது விற்பனைத் துறையின் வேலை. அதை ஆய்வு என்று அச்சிடுவது ஏமாற்று.

ஆய்வில் நிரூபணமானது என்று பெட்டியில் போடுகிற நிறுவனம் அந்த ஆய்வை முழுதாகப் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். வைக்க முடியாது என்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். இதை மத்திய அரசு விதியாக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

உடனே ஒரு பதில் வரும். மூலிகை என்பது பரம்பரை அனுபவம், அதை ஆய்வுக்கூடத்தில் நிறுத்தக் கூடாது என்பார்கள். அவர்களுக்குக் கார்போகரிசியைக் காட்டலாம். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூவோடு நம் வீட்டு நலங்கு மாவில் அரைபடும் அதே கறுப்பு விதை. அதிலிருந்து பாகுச்சியோல் என்ற பொருளை 1966-இல் இந்திய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். இன்று, சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகைப் பொருளான ரெட்டினாலுக்கு மாற்று என்று உலகம் முழுக்க முகச் சீரங்களில் விற்கிறது. ரெட்டினாலோடு அதை நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு ஒன்று 2019-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜியில் வெளியானது. 44 பேர், 12 வாரம். ஒரு பிரிவினருக்கு 0.5 சதவீத பாகுச்சியோல், மறுபிரிவினருக்கு 0.5 சதவீத ரெட்டினால். முகங்களைப் படமெடுத்துக் கணினியில் சுருக்கத்தை அளந்தார்கள். கருமையை மதிப்பிட்ட தோல் மருத்துவருக்கு யார் எதைப் பூசினார் என்பது தெரியாது. இரு பிரிவிலும் சுருக்கமும் கருமையும் குறைந்தன. இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. தோல் உரிதலும் எரிச்சலும் ரெட்டினால் பூசியவர்களுக்கே அதிகம்.

ஆக, செடியைச் சோதிக்க முடியும். ஆனால் இந்த நல்ல ஆய்விலும் ஓர் ஓட்டை உண்டு. பாகுச்சியோல் தினம் இருமுறை பூசப்பட்டது, ரெட்டினால் ஒருமுறைதான். அதைவிட முக்கியம், மருந்துப் பொருள் எதுவும் கலக்காத வெறும் க்ரீம் பூசிய மூன்றாவது பிரிவு கிடையாது. எந்தப் பசையைத் தடவினாலும் தோலில் ஈரம் தங்கும், மெல்லிய கோடுகள் கொஞ்சம் மங்கும். அந்தப் பங்கைக் கழித்தால்தான் மூலிகையின் பங்கு தெரியும்.

எவ்வளவு கழிக்க வேண்டியிருக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பூட்ஸ் நிறுவனத்தின் நம்பர் 7 சீரம் ஒன்றை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 60 பேரிடம் ஆறு மாதம் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். சீரம் பூசியவர்களில் 43 சதவீதத்தினருக்குச் சுருக்கம் குறைந்தது. வெறும் பசை பூசியவர்களிலும் 22 சதவீதத்தினருக்குக் குறைந்தது! இரு பிரிவையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் வேறுபாடு புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை என்று புள்ளியியலாளர் மார்ட்டின் பிளாண்ட் எதிர்வாதம் வைத்தார். யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். அப்படி ஒரு வாதம் நடக்கவே முடிந்தது, எண்கள் எல்லோர் கண்முன்னும் இருந்ததால். நம் ஊர்ப் பெட்டிகளில் வாதாடக்கூட எண் இல்லை.

செடி என்பதாலேயே தீங்கில்லை என்ற நினைப்பும் தவறு. கார்போகரிசி விதையில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது; அது தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். வெண்புள்ளி சிகிச்சையில் அந்த விதையைப் பயன்படுத்தியதே அந்தக் குணத்துக்காகத்தான். குளித்ததும் கழுவிப் போகும் மாவு வேறு. அதே விதையின் எண்ணெயை முகத்தில் தடவிக்கொண்டு மே மாத வெயிலில் நடப்பது வேறு. சுத்திகரித்த பாகுச்சியோலையும் பச்சை விதை எண்ணெயையும் ஒன்றுபோலப் பேசி விற்பவர்களை யார் கேட்பது?

சோதனை நம் தோலிலும் நடக்க வேண்டும். வெள்ளைத் தோலில் முதுமை பெரும்பாலும் சுருக்கமாகத் தொடங்குகிறது. நமக்கோ மங்கு, கருந்திட்டு ஆகியவை முந்திக்கொள்கின்றன. எங்கோ கண்ணோரக் கோடுகளை அளந்து பெற்ற முடிவு இங்கே பாதி பதில்தான். இதற்கிடையில், உறுதியாகத் தெரிந்த ஒன்று விளம்பரங்களில் அடிபட்டுப் போகிறது. ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரிடம் நாலரை ஆண்டுகள் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. புறங்கையில் சிலிகான் அச்சு எடுத்துத் தோலின் வரிகளை ஒப்பிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் மாத்திரையும் அதே ஆய்வில் இருந்தது. அந்த மாத்திரையால் மொத்தத்தில் பலன் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகள், வாங்குபவரைத் திசைதிருப்பும் வாசகம் கூடாது என்கின்றன. நல்லது. ஆனால் வாசகத்துக்கான ஆதாரத்தை மக்களுக்குக் காட்டச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில், சொல்லும் பலனுக்கான சான்று பொருளின் கோப்பில் இருந்தே ஆக வேண்டும், அதிகாரிகள் கேட்டால் எடுத்து நீட்ட வேண்டும். இங்கே ஆயுர்வேதம், சித்தா போன்ற முறைகளின் தயாரிப்புகளுக்கு ஆயுஷ் உரிமம் என்ற தனிவழி வேறு இருக்கிறது. ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி கேட்ட, மருந்து விதிகளின் 170-ஆம் விதி 2018-இல் வந்தது. அதை நீக்கி 2024 ஜூலையில் ஆயுஷ் அமைச்சகமே அறிவிக்கை வெளியிட்டது. இருந்த வேலியையும் பிடுங்கும் போக்கு இது.

சிறு தயாரிப்பாளர்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் நசுங்கிப் போவார்களே என்ற கவலை நியாயமானது. ஆனால் குளியல் பொடியைக் குளியல் பொடி என்று விற்பவரிடம் யாரும் ஆய்வறிக்கை கேட்கவில்லை. பத்து வயது குறையும் என்று அச்சிடுபவரிடம்தான் கேட்கிறோம். சிறியவர்களுக்கும் ஆதாரம் வேண்டுமென்றால் அரசே தேடித் தரலாம். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் மத்திய சித்த ஆராய்ச்சி மன்றம் இருக்கிறது. கார்போகரிசி, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள் மூன்றில் தொடங்கட்டும். வெறும் பசையோடு ஒப்பிட்டு, நம்மூர்ப் பெண்கள், ஆண்கள் முகத்தில், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் சேர்த்துச் சோதிக்கட்டும். 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்துவிட்டுத் தொடங்கட்டும். பலன் இல்லை என்று முடிவு வந்தாலும் அதையும் தமிழில் வெளியிடட்டும்.