கிரைண்டர் வாங்கப் பிறந்தநாள் எதற்கு?

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் பட்டறைகள் பல. இன்று அவற்றுள் சில, தம் இணையதளத்தின் வழியே நேராகவே விற்கின்றன. பொருளை அனுப்ப முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டும், சரி. பிறந்தநாள் எதற்கு?

கேளாமலே திரட்டுவதும் உண்டு. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மோன்டுலி, 'குக்கி' என்னும் சிறு குறிப்பை உருவாக்கினார். கூடையில் நாம் வைத்த பொருளைத் தளம் மறவாதிருக்க அது பயன்பட்டது. இன்றோ தளத்தில் ஒட்டப்பட்ட விளம்பர நிரலின் குக்கி, நாம் வேறு எந்தெந்தத் தளங்களுக்குச் சென்றோம் என்பதையும் குறித்துக்கொள்ள வல்லது. தளத்தைப் பிறரிடம் செய்து வாங்கிய பட்டறைக்காரருக்கே இது தெரியாமல் இருக்கலாம்!

சொன்ன நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்கிறது, 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 18 வயது நிறையாத உங்களுக்குப் பெற்றோர் ஒப்புதலும் தேவை. 2025 நவம்பரில் வெளியான விதிகள், முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்தன.

சிறு தொழிலுக்கு இது சுமை என்பார் உண்டு. நான் ஒப்பவில்லை. வாங்காத விவரத்துக்குப் பூட்டும் வேண்டாம், காவலும் வேண்டாம்.

உங்கள் உறவினர் எவரேனும் கடைத்தளம் வைத்திருக்கிறாரா? உலாவியில் அதைத் திறந்து, அங்கே எத்தனை குக்கிகள், எவரெவருடையவை என்று எண்ணி அவரிடம் காட்டுங்கள்.