தேய்ந்த பெட்டை எடைக்குப் போடாதீர்கள்

பழைய லேத்து வாங்க வருகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள், மோட்டாரைப் பார்க்கிறார்கள், கியர் பாக்ஸில் சத்தம் வருகிறதா என்று காது கொடுக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் சேடில், அதாவது டூலைச் சுமந்துகொண்டு பெட்டின் மேல் நகர்கிற பகுதி. சக் அருகே ஆட்டமில்லாமல் அதை இறுக்கிவிட்டு டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளுங்கள். பாதி வழியில் சிக்கினால், சேடில் சறுக்குகிற தளமான பெட்டு தேய்ந்திருக்கிறது என்று பொருள். வேலை பெரும்பாலும் சக்கை ஒட்டிய ஓரிரண்டு அடிக்குள்தான் நடக்கிறது. அந்த இடம் குழிந்துபோகும்; மறுகோடி பழைய உயரத்திலேயே நிற்கும்.

கோவை கணபதியிலும் பீளமேட்டிலும் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு மெயின்டனன்ஸ் பார்த்தே பிழைத்தவன் நான். வார்ப்பில் ஒரு விரிசல்கூட இல்லாத லேத்துகள் இப்போது கிலோ விலைக்குப் போவதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. கேட்டால், "டேப்பர் அடிக்குதுண்ணா, பெட்டு போயிருச்சு" என்கிறார்கள். தேய்மானத்தை அளந்தால் பல மெஷின்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்காக ஒரு டன் இரும்பை உருக்க அனுப்புகிறோம்.

லேத்து என்றாலே சுழல்கிற எந்திரம் என்ற நினைப்பு நமக்கு. ஜாப் சுழல்வது பாதி வேலை. டூல் நேர்கோட்டில் சறுக்கிக்கொண்டு போவது மறுபாதி, அதுதான் கடினமான பாதி. முன்பெல்லாம் கடைசல்காரர் உளியைக் கையில் பிடித்துத்தான் கடைந்தார். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி 1800ஐ ஒட்டி, டூலைப் பிடித்துச் சறுக்கும் ஸ்லைடு ரெஸ்ட்டையும் லீட் ஸ்க்ரூவையும் ஒரே இரும்பு லேத்தில் பொருத்தினார். ஒரே மாதிரி மரையைத் திரும்பத் திரும்ப வெட்டுவது அதனால் எளிதானது. ஆனால் சறுக்குகிற தளம் கோணினால் வெட்டுகிற பொருளும் கோணும். அந்தத் தளத்தை எதை வைத்துச் சமமாக்குவது?

வழி சொன்னவர் அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தினால், ஒன்று மேடாகவும் இன்னொன்று அதற்கேற்ற பள்ளமாகவும் ஆகிவிடலாம்; பார்வைக்குப் பொருத்தமாகவே இருக்கும். மூன்றாவதாக ஒரு தகட்டைச் சேர்த்து மாற்றி மாற்றிப் பொருத்தினால் அந்தப் பொய் வெளிப்பட்டுவிடும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த ஒரே வழி, மூன்றுமே சமதளமாக இருப்பது. எமரி போட்டுத் தேய்க்காமல் ஸ்கிராப்பரால் சுரண்டியே இதைச் செய்ய வேண்டும் என்று 1840இல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் கூட்டத்தில் அவர் கட்டுரை படித்தார். இன்றைக்கும் ஃபிட்டர் செய்வது அந்த வேலைதான். சர்ஃபேஸ் பிளேட்டில் புளூ தடவி, தளத்தின் மேல் வைத்து நகர்த்துவோம். மேடான இடங்களில் நீலம் ஒட்டும். அதை மட்டும் சுரண்டுவோம். மறுபடி புளூ, மறுபடி ஸ்கிராப்பர். ஒரு சதுர அங்குலத்தில் இருபது புள்ளிகளாவது சமமாக விழும்வரை விடக்கூடாது. தோள்பட்டை வலி உயிர் போகும்.

புள்ளிகளுக்கு நடுவே இருக்கிற நுண்ணிய பள்ளங்கள் குறை என்று நினைக்க வேண்டாம். எண்ணெய் தங்குவது அங்கேதான். கண்ணாடிபோல மழமழவென்று இருக்கிற இரண்டு தளங்கள் சறுக்காது, ஒட்டிக்கொள்ளும். ஸ்லிப் கேஜ் இரண்டைத் தேய்த்துச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எண்ணெய் இல்லாத கிராஸ் ஸ்லைடு இன்னொரு தொல்லை தரும்: டயலை இரண்டு கோடு திருப்பினால் அசையாது, மூன்றாவது கோட்டில் ஒரேயடியாகக் குதித்துவிடும். நிற்கிற பொருளைக் கிளப்புவதற்கு, நகர்கிற பொருளைத் தள்ளுவதைவிட அதிக விசை வேண்டும் என்பதுதான் காரணம். இதற்கென்றே 68ஆம் நம்பர் ஸ்லைடு-வே ஆயில் கடையில் கிடைக்கிறது. தளத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிற எண்ணெய் அது. அதை விட்டுவிட்டுப் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றுகிற பட்டறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏர் ஹோஸால் சுருளை ஊதுவதும் அதே அளவு கெடுதல். துகள் சேடிலுக்கு அடியில் புகுந்து பெட்டை அறுக்கும். எமரி தாள் போடும்போது பெட்டின் மேல் ஒரு துணி விரிக்க என்ன செலவு?

சி.என்.சி. வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆயிரம் பீஸ் ஒரே அளவில் வேண்டுமென்றால் அதுதான் சரி. அதில் பெரும்பாலும் எல்.எம். கைடு, உள்ளே குண்டுகள் உருள்கின்றன. தேய்ந்தால் கழற்றி மாற்ற வேண்டும். ஆனால் பம்பு ஷாஃப்ட் ஒன்றை விவசாயி தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றால், அதைச் சரிசெய்யச் சாதாரண லேத்து போதும். பல வருஷம் நின்று உள்ளிறுக்கம் தணிந்த பழைய வார்ப்பு எளிதில் கோணவும் செய்யாது. கிரைண்டிங் போட்டு, ஸ்கிராப்பிங் முடித்தால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.

இதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். புது மெஷினுக்கு மூலதன மானியம் தருகிற மாநில அரசு, சீரமைப்புச் செலவையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறுதொழில்களுக்கான பொது வசதி மையங்களில் ஒரு ஸ்லைடு-வே கிரைண்டரை நிறுத்தினால், தனியாக வாங்க முடியாத பட்டறைகள் வாடகை கொடுத்துப் பயன்படுத்தும். இன்னொன்று ஐ.டி.ஐ. சம்பந்தப்பட்டது. ஃபிட்டர் பாடத்தில் ஸ்கிராப்பிங் இருக்கிறது, ஒரு சிறு கட்டையில் பழகுவதோடு சரி. உண்மையான பெட்டின் மேல் பையன்களைப் பழக்க வேண்டும். சொல்லித்தரத் தெரிந்த பெரியவர்கள் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் இன்னும் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாளாவது அவர்களைக் கூப்பிட்டு, கௌரவமான சம்பளம் கொடுத்து, பையன்கள் முன்னால் நிறுத்துங்கள்.